அரை கிரவுண்டில் கழிவுநீர்: மட்டம் முதலில், பள்ளம் பிறகு

மாதவரத்தைத் தாண்டி மணலி புதுநகர், கடப்பாக்கம், விளாங்காடுபாக்கம் பக்கம் வீடு கட்டுபவர்களிடம் பிளான் இருக்கும், முகப்புப் படம் இருக்கும், வாசல் எந்தத் திசை என்பதும் முடிவாகியிருக்கும். செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டால் மட்டும் "பின்னால எங்கயாச்சும் போட்டுக்கலாம்" என்று பதில் வரும். எங்கே என்பது இரண்டாவது கேள்வி. எந்த உயரத்தில் என்பதுதான் முதல் கேள்வி. பேஸ்மென்ட் (வீட்டுத் தரை வரை எழுப்பும் மேடை) உயரத்தை மேஸ்திரி கண்ணளவில் முடிவு செய்துவிட்டால், கழிவுநீர்க் குழாய்க்கு மிச்சமிருக்கும் வாட்டம் (சரிவு) எதுவோ அதுதான் கிடைக்கும். அது போதாமல் போனால் வீட்டை இடித்துத் தூக்க முடியாது.

கணக்கு புரிவதற்காக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். 20க்கு 60 அடி, அரை கிரவுண்ட். தரைத்தளமும் ஒரு மாடியும், இரண்டு குடும்பம், 8 பேர். முன்னால் சாலை, பின்னால் அடுத்தவர் சுவர், பக்கத்தில் மூன்றடிச் சந்து. வடசென்னையின் புறப்பகுதியில் பல மனைகள் இப்படித்தான்.

தெருவில் என்ன இருக்கிறது

இராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி போன்ற பழைய நகரப் பகுதிகளில் குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை பல காலமாக இருக்கிறது. 2011இல் மாநகராட்சி எல்லை விரிந்தபோது சேர்ந்த இடங்களுக்கு அது கட்டம் கட்டமாகத்தான் போகிறது. ஒரே வார்டில் ஒரு தெருவுக்கு இருக்கும், அடுத்த தெருவுக்கு இருக்காது. ஆகவே பிளான் போடும் முன்பே வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நம் வாசலுக்கு நேரே கழிவுநீர்க் குழாய் உண்டா? உண்டென்றால் அருகிலுள்ள மேன்ஹோலில் குழாயின் அடிமட்டம் சாலையிலிருந்து எத்தனை ஆழம்? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. இணைப்பு கொடுக்கும் நாளில், நம் கடைசித் தொட்டி தெருக்குழாயைவிடத் தாழ்வாக இருப்பது அப்போதுதான் தெரியவரும். ஆழம் பார்க்கிறேன் என்று மேன்ஹோல் மூடியை நாமே நெம்பித் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூச்சை அடைத்துக் கொல்லும்.

மனைக்கு முன்னால் புதிதாக ஓடுகிற கான்கிரீட் கால்வாயைப் பார்த்து "சாக்கடை வந்துடுச்சு" என்று நினைத்துவிட வேண்டாம். கொசஸ்தலை வடிநிலத் திட்டத்தில் போட்டவை மழைநீர் வடிகால்கள். அதில் செப்டிக் டேங்க் வெளிக்குழாயைச் சொருகுவது சட்டப்படி தவறு. மழையில் அந்த வடிகால் நிரம்பும்போது தண்ணீர் அதே குழாய் வழியாக நம் டேங்குக்குள் திரும்பி வரும். அங்கிருந்து கக்கூஸ் வரை ஏறும்.

சாலை மட்டம், வெள்ள மட்டம், தரை மட்டம்

நிலையான ஒரு புள்ளியில் குறி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். சாலையையே குறியாகக் கொண்டால் அடுத்த தார் போடும்போது அது உயர்ந்துவிடலாம். பக்கத்து வீட்டு பேஸ்மென்ட், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்ற நகராத ஒன்றில் பெயின்ட் கோடு போட்டு, அங்கிருந்து டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) எல்லாவற்றையும் அளக்கலாம். டியூபில் ஒரு குமிழி இருந்தாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பொய் சொல்லும். தண்ணீரை மெதுவாக ஏற்றி, இரண்டு முனையையும் பக்கத்தில் வைத்து ஒரே மட்டம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே எடுத்துப் போக வேண்டும்.

இன்றைய சாலை நடுவை 0 என்று வைத்துக்கொள்வோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருவில் கேட்டால் சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். நம் எடுத்துக்காட்டில் அது +50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தரைத்தளம் +90. மனையில் மண் நிரப்பும் மட்டம் +30.

இனி மேலிருந்து கீழே இறங்குவோம். தரை +90 என்றால் டைல்ஸ், கான்கிரீட் எல்லாம் கழித்து கக்கூஸ் குழாய் சுவரைத் தாண்டி வெளியே வருகிற அடிமட்டம் ஏறக்குறைய +50. அங்கிருந்து சந்து வழியாகப் பின்பக்க டேங்குக்கு 10 மீட்டர். 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1 வாட்டம் விட்டால், அதாவது மீட்டருக்கு இரண்டரை செ.மீ., 25 செ.மீ. இறங்கும். டேங்கில் நுழையும் மட்டம் +25. வெளியேறும் குழாய் அதற்கு 5 செ.மீ. கீழே, +20. டேங்கின் நிரந்தர நீர்மட்டமும் அதுதான். 1.40 மீட்டர் நீராழம் வேண்டுமானால் உட்தரை −1.20 மீட்டர், அதாவது −120 செ.மீ. மேலே 30 செ.மீ. காற்றுக்கு விட்டால் மூடியின் அடி +50, மேல்பரப்பு +62. வெள்ளக் கோட்டுக்கு 12 செ.மீ. மேலே மூடி நிற்கிறது.

இதே வீட்டை +45இல் கட்டினால்? எல்லாம் 45 செ.மீ. இறங்கும். உட்தரை −1.65 மீட்டருக்குப் போகும், ஊற்று கூடும், மூடி வெள்ளத்துக்குள் 33 செ.மீ. மூழ்கும். கழிவுநீருக்காக பேஸ்மென்டை உயர்த்துவது வீண் செலவு என்பவர்களுக்கு இந்த ஒரு வரிக் கணக்கு போதும்.

சாக்கடை பின்னாளில் வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் இன்னொரு கணக்கும் போட வேண்டும். பின்பக்கத்திலிருந்து முன்வாசலுக்கு 18 மீட்டர், 40க்கு 1 வாட்டத்தில் 45 செ.மீ. சரிவு. +20இல் புறப்பட்டால் வாசலில் −25. தெருக்குழாய் இதைவிட ஆழத்தில்தான் இருக்கும் என்பதால் சிக்கல் இல்லை. ஆனால் சந்தில் டைல்ஸ் போடும் முன்பே அந்தக் குழாயை அதே வாட்டத்தில் புதைத்து இரண்டு முனையையும் மூடி வைத்துவிட வேண்டும். பிறகு இணைப்பு கிடைக்கும்போது டேங்கை விட்டு விலக்கி நேராக இணைக்கலாம். டேங்கை லாரி வைத்துக் காலி செய்து மணல் நிரப்பிவிட வேண்டும்.

மண் குடிக்குமா

திருவொற்றியூர், எண்ணூர் கடலோரத்தில் மணல். கொசஸ்தலை ஆற்றங்கரை, ஏரிப் படுகை ஒட்டிய இடங்களில் பல மனைகளில் ரப்பிஷ் (கட்டட இடிபாடு) நிரப்புக்குக் கீழே களிமண். உறிகுழி (கழிவுநீரை மண்ணுக்குள் இறங்க விடும் குழி) போடலாமா என்பதை மண்ணே சொல்லும், கேட்கத்தான் வேண்டும்.

உறிகுழி எந்த ஆழத்தில் வேலை செய்யப் போகிறதோ அந்த ஆழத்துக்கு, ஒரு சாண் விட்டத்தில் குழி தோண்டுங்கள். களிமண்ணில் கடப்பாரையோ மண்வெட்டியோ பட்ட பக்கம் மெழுகியதுபோல் பளபளக்கும். அந்தப் பளபளப்பு தண்ணீரை விடாது. ஆணி அடித்த கட்டையால் நாலு பக்கமும் கீறிவிட வேண்டும். அடியில் 5 செ.மீ. பெருமணல். முதல் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். மறுநாள் மணலுக்கு மேல் 15 செ.மீ. நிற்கும்படி நிரப்பி, அரை மணிக்கு ஒரு முறை எவ்வளவு இறங்கியது என்று குறித்து, திரும்ப நிரப்பி, நான்கு மணி நேரம் தொடர வேண்டும். கடைசி அரை மணியின் இறக்கம்தான் கணக்கு. 75 மி.மீ. இறங்கினால் 25 மி.மீ. இறங்க 10 நிமிடம் என்று அர்த்தம். 25 மி.மீ. மட்டும் இறங்கினால் 30 நிமிடம். 30 நிமிடத்தைத் தாண்டினால் உறிகுழியை மறந்துவிடலாம். 60 நிமிடத்தையும் தாண்டினால் மண்ணுக்குள் விடுகிற எந்த முறையும் எடுபடாது. ஊற வைக்காமல் செய்த சோதனையில் எந்த மண்ணும் தேறிவிடும், அதனால்தான் அந்த ஒரு நாள்.

ஆகஸ்டில் செய்த சோதனை நவம்பருக்குச் செல்லாது. மழைக்கால நிலத்தடி நீர் 1.8 மீட்டருக்குள் ஏறிவிடும் இடமென்றால், செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2470 குழியைக் கைவிட்டு நிலத்துக்கு மேல் எழுப்பிய மேட்டுப்படுகைக்குப் போகச் சொல்கிறது. பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால் கார்த்திகையில் எட்டிப் பாருங்கள். கிணறே இல்லையென்றால் இரண்டு மீட்டருக்குத் துளை போட்டு, ஓட்டை போட்ட பிவிசி குழாயை நிறுத்திவைத்து, மழைக்குப் பின் குச்சி விட்டுப் பார்க்கலாம்.

மண் நல்லதென்றே வைப்போம். எவ்வளவு பரப்பு வேண்டும்? ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர், அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவாக வரும். 8 பேருக்கு 860 லிட்டர். 25 மி.மீ.க்கு 10 நிமிட மண்ணில் ஒரு சதுர மீட்டர் நாளைக்கு 65 லிட்டர் ஏற்கும். 13 சதுர மீட்டர் தேவை. மூன்றடி விட்டத்தில் நுழைகுழாய்க்குக் கீழே ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஒரு குழியின் பக்கச் சுவர் 4.2 சதுர மீட்டர்தான். அப்படியானால் மூன்று குழி. 30 நிமிட மண்ணென்றால் 37 லிட்டர்தான் ஏற்கும், 23 சதுர மீட்டர், ஐந்தாறு குழி. அரை கிரவுண்டில் எங்கே வைப்பது?

தூரக் கணக்கு இன்னும் மோசம். குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிகுழி 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அரை கிரவுண்டின் மொத்த நீளமே 60 அடி, அதாவது 18 மீட்டர்தான். நம் போர்வெல்லை முன்மூலையிலும் உறிகுழியைப் பின்மூலையிலும் வைத்து ஒருவாறு சமாளித்தாலும், பின் வீட்டுக்காரர் போர்வெல் அதே சுவருக்கு மறுபக்கம் இருக்கும். மனைக்கு மனை இப்படியே போனால் தெருவே ஒருவர் கழிவை இன்னொருவர் இறைக்கிற கதைதான்.

"பத்து உறை இறக்கிடலாம் சார்"

செப்டிக் டேங்க் என்றதும் பெரும்பாலான மேஸ்திரிகள் சொல்வது இதுதான். மூன்றடி விட்டம், ஓரடி உயரம், சிமென்ட் உறை. ஒரே நாளில் முடியும், செலவும் குறைவு. ஆனால் அடி இல்லாத உறைக்கிணறு செப்டிக் டேங்க் ஆகாது. கழிவு படிந்து, மிதந்து, தெளிவதற்கு நீர் அசையாமல் நிற்க வேண்டும். அடியில்லாத கிணற்றில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கீழிருந்து ஏறி எல்லாவற்றையும் கலக்கும், கோடையில் கழிவு அப்படியே மண்ணுக்குள் போகும். ஐப்பசியில் கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் நிற்பதற்கும், பொங்கலுக்குப் பிறகு தானாகச் சரியாவதற்கும் காரணம் இதுதான். அடைப்பு என்று நினைத்து ஆசிட் ஊற்றுவார்கள். அடைப்பே இருக்காது, வெளியே நிற்கிற நீர்மட்டம்தான் உள்ளேயும் நிற்கிறது.

சரியான டேங்க்

ஐ.எஸ். 2470 அட்டவணைப்படி 10 பேருக்கு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தூர் எடுப்பதானால், உள்ளளவு நீளம் 2.0, அகலம் 0.9, நீராழம் 1.4 மீட்டர். மேலே 30 செ.மீ. வெற்றிடம். இந்த அளவு கக்கூஸ் தண்ணீருக்கு மட்டும். குளியல், துவையல் நீரையும் இதிலேயே விட்டால் கழிவு தங்கித் தெளியும் நேரம் குறையும், கலங்கல் நீர் உறிகுழிக்குப் போய் மண்ணின் கண்களை அடைக்கும்.

கொள்ளளவு 2500 லிட்டர். 2000 லிட்டரைத் தாண்டினால் உள்ளே தடுப்புச் சுவர் வேண்டும். நுழையும் பக்கம் 1.35, வெளியேறும் பக்கம் 0.65 மீட்டர். தடுப்பில் துளைகள் நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே. மிதக்கும் ஏடும் அடித் தூரும் அந்த வழியாகப் போகக் கூடாது என்பதே கணக்கு. தடுப்பின் தலையில் காற்று போக இடைவெளி. நுழைகுழாயில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு அதன் கால் நீருக்குள் 30 செ.மீ. இறங்கட்டும், வெளிக்குழாய் டீயின் கால் 40 செ.மீ. பிளம்பர்கள் டீக்குப் பதிலாக எல்போ (வளைவு இணைப்பு) மாட்டிவிடுவார்கள். எல்போவில் மேலிருந்து கம்பி விட வழியிருக்காது, காற்றும் போகாது.

இனி, காலி டேங்கைச் சுற்றியுள்ள தண்ணீர் மேலே தள்ளி மிதக்க வைக்கிற விஷயம். 15 செ.மீ. கான்கிரீட் சுவர், 15 செ.மீ. அடித்தளம், 10 செ.மீ. தடுப்பு என்றால் வெளியளவு 2.4க்கு 1.2 மீட்டர். வெள்ளம் +50 வரை நிற்கும்போது 1.85 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் சூழ்கிறது. மேலே தள்ளும் விசை 5.3 டன். மூடியோடு டேங்கின் எடை சுமார் 6.5 டன். மூடி போடாமல் விட்டிருந்தால் 5.7 டன்தான், மயிரிழையில் தப்பும். இதே டேங்கை நாலரை அங்குலச் செங்கல் சுவரிலும் நாலு அங்குல அடித்தளத்திலும் கட்டினால் மூடி இல்லாமல் எடை 3.4 டன், தள்ளுவது 4.7 டன். முழுதாக மிதக்காவிட்டாலும் அடித்தளம் நடுவில் உப்பி வெடிக்கும். அந்த வெடிப்பு வெளியே தெரியாது, பிறகு எப்போதும் ஊற்று வந்துகொண்டே இருக்கும்.

மலிவான தீர்வு, அடித்தளத்தை நாலு பக்கமும் சுவருக்கு வெளியே 20 செ.மீ. நீட்டுவது. அந்த விளிம்பின் மேல் உட்காரும் மண் நீரில் மூழ்கியபோதும் இரண்டரை டன் அளவுக்கு அழுத்தும். சந்தில் இடம் நெருக்கினால் இரண்டு பக்கமாவது நீட்டலாம்.

ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்குக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. 3000 லிட்டர் டேங்கைக் காலியாக வைத்து வெளியே தண்ணீர் ஏறினால் 3 டன் மேலே தள்ளும். டேங்கின் சொந்த எடை சில பத்துக் கிலோ. நீரில் மூழ்கிய கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன்தான் நிகரமாக அழுத்தும், ஆக மேல்மண்ணை நம்பாமல் பிடித்து வைக்க 2 கன மீட்டர் கான்கிரீட்டும் அதோடு கட்டிய பட்டைகளும் வேண்டும். டேங்கைச் சுற்றி மண் போடப் போட உள்ளேயும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும், இல்லையேல் பக்கம் நசுங்கும். லாரி வைத்து இறைப்பதும் மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். வீடு கட்டி மூன்று வருடம் கழித்து மிதக்கிற டேங்குகள் பெரும்பாலும் நவம்பரில் காலி செய்தவை.

ஆடியில் பூமி பூஜை போட மாட்டார்கள். ஆனால் டேங்க் பள்ளத்துக்கு வைகாசி, ஆனி, ஆடியைவிட நல்ல மாதம் கிடையாது, நிலத்தடி நீர் அப்போதுதான் அடியில் கிடக்கும். மழைக்காலத்தில் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே தோண்டினால், மணல் பாங்கான இடத்தில் தண்ணீரோடு பக்கத்து வீட்டு அஸ்திவாரத்து மணலும் வந்துவிடும். மூன்றடிச் சந்தில் அது சண்டையில் முடியும். நாலடிக்கு மேல் மணல் பள்ளத்தில் பலகை முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. கம்பி துரு ஏறாதிருக்க எம்30 தரக் கான்கிரீட், கம்பியைச் சுற்றி 50 மி.மீ. கான்கிரீட் மூடல். உட்புறத்தில் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள சுவரும் மூடியின் அடியும்தான் முதலில் உதிரும். கழிவிலிருந்து எழும் வாயு ஈரத்தில் கந்தக அமிலமாகி சிமென்டை அரிக்கும். பலர் நீர் படும் இடத்துக்கு மட்டும் வழவழப்புப் பூச்சு போட்டு மேலே விட்டுவிடுகிறார்கள். தலைகீழான வேலை.

பூச்சு காய்ந்ததும் நிரப்பி 24 மணி நேரம் ஊற விட்டு, மறுபடி விளிம்புக்கோட்டுக்கு நிரப்பி இன்னொரு 24 மணி நேரம் பாருங்கள். கோடு இறங்கக் கூடாது. பிறகு அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டாம். செப்டிக் டேங்க் வேலையைத் தொடங்குவதே வெளிக்குழாய் மட்டத்துக்கு நீர் நிரம்பிய நிலையில்தான்.

காற்றுக்குழாய் மொட்டை மாடியைத் தாண்டி 2 மீட்டர் மேலே போக வேண்டும், 50 மி.மீ.க்குக் குறையாமல். முனையில் கொசுவலை அவசியம். இரும்பு வலை கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் பொடியாகும், ஸ்டெயின்லெஸ் வலை போடுங்கள். கொசுவலை இல்லாத ஒரு குழாய் தெருவுக்கே கொசு வளர்க்கும்.

குழாய்

சுவருக்குள்ளும் மாடியிலிருந்து இறங்குவதற்கும் எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீர் இறக்கும் பிவிசி குழாய்) பி வகை 110 மி.மீ. மழைநீருக்கான ஏ வகையின் சுவர் மெல்லியது. விலை குறைவென்று அதைக் கக்கூஸுக்குப் போட்டுவிடுவார்கள், எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். மண்ணுக்குள் போவதற்கு ஐ.எஸ். 15328 குழாய். அடியில் 10 செ.மீ. மணல் படுக்கை, செங்கல் துண்டை வைத்து முட்டுக் கொடுக்கக் கூடாது; அந்தப் புள்ளியில்தான் குழாய் உடையும்.

ரப்பிஷ் போட்டு நிரப்பிய மனையில் பெரிய எதிரி மண் இறங்குவது. வீடு பைலிலோ ஆழ அஸ்திவாரத்திலோ அசையாமல் நிற்கும், வெளி மண் இரண்டு மழைக்கு 5 செ.மீ. உட்காரும், சுவரில் இறுகப் பூசிய குழாய் அந்த இடத்திலேயே ஒடியும். அல்லது வாட்டம் தலைகீழாகும். நிரப்பு மண்ணை முக்கால் அடி அடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்துப் போட வேண்டும். சுவரைத் தாண்டுமிடத்தில் 160 மி.மீ. குழாயை உறையாக வைத்து அதற்குள் 110ஐ விட்டால் கொஞ்சம் அசைய இடமிருக்கும். அடுத்த இணைப்பு ரப்பர் வளையம் உள்ளதாக இருக்கட்டும், பசை ஒட்டியதாக வேண்டாம்.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றரையடிச் சதுரத் தொட்டி. தொட்டியின் அடியில் அரைவட்டக் கால்வாய் பூசி இரு பக்கமும் சரித்துவிட வேண்டும். தட்டையாக விட்டால் மலம் ஓரத்தில் ஒதுங்கிக் காய்ந்து அடுத்த அடைப்புக்கு அடிப்படை போடும். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45. கிளைக் குழாய் சேருமிடத்தில் டீ வேண்டாம், ஒய் (Y வடிவ இணைப்பு) போடுங்கள்.

மண் மூடும் முன் ஒரு சோதனை: மேல் தொட்டியில் ஒரு எலுமிச்சம்பழத்தை விட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த தொட்டியில் பழம் தாமதமின்றி வந்து விழ வேண்டும். நின்று நின்று வந்தால் நடுவில் எங்கோ தொய்வு இருக்கிறது.

மொட்டை மாடி மழைநீர் எந்தக் காரணத்துக்கும் இந்தத் தொட்டிகளில் சேரக் கூடாது. ஆயிரம் சதுர அடி மாடியில் மணிக்கு 5 செ.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டர். 2,500 லிட்டர் டேங்கை அரை மணியில் அலசி, தூரை எல்லாம் வெளியே தள்ளிவிடும். அதற்குத் தனி மழைநீர் சேகரிப்புக் குழி, அதுவும் உறிகுழிக்கு எதிர் மூலையில்.

அடுக்களை நீர்

அரிசி கழுவிய நீர், கஞ்சி, மாவு, எண்ணெய். போதாததற்கு இந்தப் பக்கத்து வீடுகளில் வாரம் இரண்டு நாளாவது மீன். செதிலும் எண்ணெயும் சேர்ந்தால் குழாய்க்குள் மெழுகு மாதிரி படியும். சிங்க் குழாய் வெளியே வந்ததும் 60க்கு 45 செ.மீ., 60 செ.மீ. ஆழத்தில் எண்ணெய்ப் பொறித் தொட்டி ஒன்று. வெளிக்குழாயின் வாய் நீருக்கு அடியில் இருக்க வேண்டும், அப்போதுதான் மிதக்கும் எண்ணெய் தங்கும். நுழைவாயில் கையால் தூக்கக்கூடிய சல்லடைக் கூடை. 15 நாளுக்கு ஒரு முறை மேலேட்டை வழித்துக் குப்பையில் போடுங்கள்.

குளியல், துவையல் நீரைக் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகைக்கு விடலாம். சோப்பு நீரை அது தாங்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் படுகையும் மண்ணும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மண் குடிக்காது, சாக்கடையும் இல்லை என்றால்

இருப்பதில் நேர்மையான வழி, கக்கூஸ் நீரை மட்டும் முழுவதும் மூடிய டேங்கில் தேக்கி லாரிக்குக் கொடுப்பது. 3/6 லிட்டர் இரட்டை ஃபிளஷ் வைத்தால் ஆளுக்கு 25 முதல் 30 லிட்டர். 8 பேருக்கு நாளைக்கு 240. 6000 லிட்டர் டேங்க் 25 நாள் தாங்கும். குளியல் நீரையும் சேர்த்து 860 லிட்டர் என்றால் ஒரே வாரம். பிரித்துக் குழாய் போடுவதன் லாபம் இங்கே கையில் தெரியும். வீடு கட்டி முடித்த பின் பிரிக்க முடியாது.

இன்னொரு வழி, செப்டிக் டேங்கை அடுத்து ஜல்லி நிரப்பிய மேலோட்ட வடிகட்டி. நீர் அடியில் நுழைந்து ஜல்லி வழியாக மேலேறி வெளிவரும். ஆளுக்கு 0.05 கன மீட்டர் ஜல்லி, 10 பேருக்கு அரை கன மீட்டர். நீர் தெளியும், நாற்றம் குறையும். கிருமி போகாது. அதையும் எங்காவது விட்டாக வேண்டும் என்பதால், மேட்டுப்படுகைக்கு இடம் இருந்தால்தான் இது பயன்படும்.

திரும்பி வரும் தண்ணீர்

சாக்கடை இணைப்பு இருக்கும் வீட்டில் பெருமழையன்று தெருக்குழாய் நிரம்பினால் நீர் எந்தத் தாழ்ந்த வாயைக் கண்டாலும் வெளியே வரும். வாசல் தொட்டியின் மூடி +35, தரை +90 என்றால் முதலில் வாசலில் பொங்கும், வீட்டுக்குள் வராது. தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துபோன பழைய மனையில் நீரைத் திரும்பி வர விடாத ஒருவழி வால்வு தேவைப்படும். அதை வைக்கும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. மொத்த வீட்டுக்கும் சேர்த்து வாசல் தொட்டியில் வால்வு வைத்தால், அது மூடிக்கொண்ட நேரத்தில் மாடியில் யாராவது ஃபிளஷ் செய்யும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தரைத்தள கக்கூஸில் எழும். நம் வீட்டுக் கழிவே நம் வீட்டுக்குள் வரும். மாடிக் குழாயைத் தனியாக இறக்கி வாசல் தொட்டியில் நேராகச் சேர்த்து, தரைத்தளக் கிளையில் மட்டும் வால்வு வைக்க வேண்டும். அந்தத் தொட்டிக்கு டைல்ஸ் ஒட்டி மறைக்காதீர்கள், வால்வுத் தட்டில் துணியோ முடியோ சிக்குவது சகஜம். புரட்டாசியில் ஒரு முறை திறந்து கழுவி வையுங்கள்.

கடைசியாக, டேங்க் மூடி. இரண்டு அறைக்கும் தனித்தனித் திறப்பு, லாரிக் குழாய் நுழையும் அளவுக்கு. அதன் மேல் துவைக்கிற கல்லோ படிக்கட்டோ வரக் கூடாது. லாரி தெருவில்தான் நிற்கும்; சந்து வழியாகக் குழாய் வர இடம் விட்டிருக்க வேண்டும். தூர் எடுக்க ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், மோட்டார்க் குழாயால் மட்டுமே எடுக்க வேண்டும். பள்ளங்களை மூடும் முன் ஒவ்வொரு தொட்டிக்கும் சுவர் மூலையிலிருந்து டேப் பிடித்துப் படம் எடுத்து, அளவுகளை ஒரு தாளில் வரைந்து, லேமினேட் செய்து மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.